செந்நாயின் கட்சி

மிருகங்களை வைத்துக் கதை எழுதுகிற ஆசிரியனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கதையில் வரும் குமாஸ்தாவோ, வக்கீலோ, மாமியாரோ சரியாக அமையவில்லை என்றால், "இப்படி ஒரு மாமியார் உலகத்திலேயே கிடையாது" என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மிருகத்துக்கு அந்த வசதி இல்லை. நரியைத் தந்திரக்காரனாகவும் கழுதையை முட்டாளாகவும் எழுதிவிட்டு ஆசிரியன் நிம்மதியாகத் தூங்கலாம். நரியும் கழுதையும் ஆட்சேபம் தெரிவிக்கப் போவதில்லை.

இந்தக் காரணத்தினாலேயே மிருகக் கதைகளைப் படிக்கிற விமரிசகன் கொஞ்சம் அதிகக் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிரதிவாதிக்கு வக்கீல் இல்லாத வழக்கில் நீதிபதியே இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டுநாய் அப்படிப்பட்ட ஒரு பிரதிவாதி. உலகப் பிரசித்தி பெற்ற இரண்டு கதாசிரியர்கள் அதையும் அதன் உறவுக்காரர்களையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். இருவரையும் நம் வீட்டுப் பையன்கள் பள்ளிக்கூட நாளிலேயே படித்துவிடுகிறார்கள். அவர்கள் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கிற உத்தேசத்தோடு இதை எழுதுகிறேன்.

முதலில் பிரதிவாதி யார் என்று தெரிந்துகொள்வோம். ஆப்பிரிக்காவில் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக வர்ணம் அடித்தாற்போன்ற ஒரு காட்டுநாய் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டிங்கோ இருக்கிறது. நம்முடையது செந்நாய். முதுமலை, பந்திப்பூர், ஆனைமலைக் காடுகளில் இன்றைக்கும் இருக்கிறது. 12 கிலோவிலிருந்து 20 கிலோ வரை எடை, செம்மண் நிறம், புசுபுசுவென்று கறுத்த வால். நாய்போல் குரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் இதற்கு இல்லை. சிதறிப்போன கூட்டத்தைச் சேர்க்க, சீட்டி அடிப்பதுபோல் ஓர் ஒலி எழுப்பும்.

இது வீட்டை விட்டு ஓடிப்போன நாயும் அல்ல; வீட்டு நாயின் மூதாதையும் அல்ல. நம் வாசலில் படுத்திருக்கும் நாய் ஓநாயின் வம்சம். செந்நாய் மனிதன் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன வேறு கிளை. வாயைத் திறந்து பற்களை எண்ணினாலே தெரியும். நாய்க்கும் ஓநாய்க்கும் 42 பற்கள், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கடைவாய்ப் பல் குறைவு. ஆகவே இதைத் தூரத்துத் தாயாதி என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் உறவு கொண்டாட முடியாது.

ஆனால் 'நாய்' என்ற சொல் அந்த உறவை நம் மனசில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. கூடவே ஓர் அளவுகோலையும் கொண்டுவருகிறது. அதற்குப் பெயர் நன்றி. நாலடியார் நண்பர்களைப் பற்றிப் பேசும்போது, யானை பல நாள் பழகிய பாகனையே கொன்றுவிடும், நாயோ எஜமான் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்கிறது. தர்மபுத்திரனுடன் கடைசிவரை நடந்து போனதும் நாய்தான். நாயைப் பற்றி நாம் சொல்லிய உயர்ந்த வார்த்தைகள் எல்லாம், அது மனிதனுக்கு எப்படி நடந்துகொண்டது என்பதைப் பற்றிய வார்த்தைகள். நன்றி என்பது நாய் மனிதனுக்குச் செலுத்தும் வரி. இந்த வரியைச் செலுத்தாத ஒரு நாய்க்குக் கதையில் என்ன இடம் கொடுப்பது? ஒன்று, அதை வில்லனாக்க வேண்டும். அல்லது, வரி செலுத்தாததையே வீரமாக்க வேண்டும். முதல் காரியத்தை ருட்யார்ட் கிப்ளிங் செய்தார். இரண்டாவதை ஜாக் லண்டன் செய்தார்.

கிப்ளிங் 1895-இல் வெளியிட்ட இரண்டாவது கானகப் புத்தகத்தில் 'செந்நாய்' என்றே ஒரு கதை இருக்கிறது. அவர் இந்தியாவை விட்டுப் போன பிறகு, அமெரிக்காவில் வெர்மாண்டில் பனிக்கு நடுவே உட்கார்ந்து எழுதிய கதைகளில் ஒன்று அது. தக்காணத்திலிருந்து இருநூறு செந்நாய்கள் வடக்கே புறப்பட்டு வருகின்றன. வழியிலே ஒரு தனி ஓநாயின் மனைவியையும் குட்டிகளையும் கொன்றுவிடுகின்றன. அது ரத்தம் ஒழுக வந்து மௌக்ளியின் ஓநாய்க் கூட்டத்தில் சேதி சொல்கிறது. மௌக்ளி, கா என்ற மலைப்பாம்பின் யோசனைப்படி, செந்நாய்த் தலைவனின் வாலை அறுத்துச் சீண்டிவிட்டு, மலையிடுக்கில் கூடு கட்டியிருக்கும் தேனீக்களின் நடுவே அவற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். தப்பியவற்றை ஆற்றங்கரையில் ஓநாய்கள் எதிர்கொள்கின்றன. கிழட்டு ஓநாய் அகேலா அந்தச் சண்டையில் உயிரை விடுகிறது.

கதை என்ற முறையில் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தத் தேனீ ஓட்டத்தைப் போல் மூச்சை நிறுத்திவைக்கிற பக்கங்கள் சாகசக் கதைகளில் அபூர்வம். சில தகவல்கள்கூடச் சரியானவை: செந்நாய்க் கூட்டத்துக்குப் புலி வழிவிடுவது உண்டு. என் குறை வேறு. ஓநாய்க்குக் கிப்ளிங் என்னென்ன கொடுத்திருக்கிறார் என்று கணக்குப் பாருங்கள். சட்டம், சபை, தாய், தகப்பன், குட்டிகளை அங்கீகரிக்கிற சடங்கு, மூப்புக்கு மரியாதை, கடைசியில் ஒரு மரண கீதம். செந்நாய்க்கு என்ன கொடுத்தார்? எண்ணிக்கையும் பசியும். செந்நாயின் தாயோ குட்டியோ அந்தக் கதைக்குள் நடமாடுவதில்லை. அவை குடும்பம் இல்லாமல், ஊர் இல்லாமல், கொள்ளைக் கூட்டம் மாதிரி வந்து சாகின்றன. கூட்டமாக வேட்டையாடும் இரண்டு பிராணிகளை எடுத்துக்கொண்டு, கூட்டு வாழ்க்கையின் குணத்தையெல்லாம் ஒன்றின் பேரிலும், குற்றத்தையெல்லாம் இன்னொன்றின் பேரிலும் எழுதிவிட்டார். ஒரே சொத்தைப் பாகம் பிரிக்கும்போது ஒருவனுக்கு நிலத்தையும் மற்றவனுக்குக் கடனையும் எழுதிவைப்பது மாதிரி.

"கதைதானே, இதற்கு இவ்வளவு கோபமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். கதை வெறும் கதையாக நின்றிருந்தால் நான் இதை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். கிப்ளிங் அந்த அபிப்பிராயத்தைத் தாமாக உண்டாக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் அபிப்பிராயம் அது. செந்நாய் அவர்களுடைய மான்களைத் தின்றது. அதுவும் துப்பாக்கி இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல், வயிற்றைக் கிழித்துத் தின்றது. ஆகவே அது கொடிய பிராணி, ஒழிக்கவேண்டிய ஜந்து. அதைக் கொன்று கொண்டுவருகிறவனுக்குச் சர்க்கார் ரொக்கமாகச் சன்மானம் கொடுத்தது. சுட்டார்கள், இறைச்சியில் விஷம் வைத்தார்கள். இங்கிலீஷ்காரன் 1947-இல் போன பிறகும் நாம் இதை விடவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் சன்மானக் கொலை நின்றது. ஒரு பிராணிக்குக் குடும்பம் கிடையாது என்று கதையில் எழுதுவதற்கும், அதன் தலைக்கு விலை வைப்பதற்கும் நடுவே உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவு அதிகம் இல்லை.

அந்தக் குடும்பத்தை உட்கார்ந்து பார்த்து எழுதியவர் ஒரு தமிழர். நாங்குநேரிக்காரரான ஏ. ஜே. டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்து, அவை எப்போது எழுகின்றன, எதைத் தின்கின்றன, குட்டிகளை எப்படி வளர்க்கின்றன என்று குறித்துவைத்தார். பின்னாளில் டேராடூனில் வனவிலங்கு ஆராய்ச்சிக்குப் பெரிய ஆசானாக விளங்கி, 2024-இல் காலமானார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொல்வதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

செந்நாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரே குடும்பம். ஐந்து முதல் பன்னிரண்டு வரை இருக்கும். சில சமயம் அதிகமாகலாம். கிப்ளிங்கின் இருநூறு இல்லை. சாதாரணமாக ஒரு பெண்தான் குட்டி போடும். மற்றவை, அதாவது தகப்பனும், முந்திய ஈற்றுப் பிள்ளைகளும், சித்தப்பன்மாரும், வேட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, தின்ற இறைச்சியைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டும். எல்லாம் வேட்டைக்குப் போய்விடுவதில்லை. குகையருகே காவலுக்கு ஆள் நிற்கும். குட்டிகள் ஓடியாடக் கற்றுக்கொண்டு வேட்டை நடந்த இடத்துக்கு வந்துவிட்டால், பெரியவை விலகி நின்று குட்டிகளை முதலில் தின்னவிடும். குழந்தைகளுக்கு முதல் பந்தி போடுகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் கொடூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புலியைப்போல் கழுத்தைப் பிடித்து ஒரேயடியாகக் கொல்லும் பலம் செந்நாய்க்குக் கிடையாது. புள்ளிமான் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கனம். கடமான் பத்து மடங்குக்கு மேல். பல பேர் சேர்ந்து இழுத்துத்தான் சாய்க்கவேண்டும். பார்க்க நன்றாக இராது; ஆனால் சின்ன மான் சில நிமிஷங்களில் செத்துவிடுகிறது. வேட்டைக்காரனின் குறி தப்பி வயிற்றில் குண்டு பாய்ந்த மான் எத்தனை நாள் புதரில் கிடந்து சாகிறது என்பதை எந்த வேட்டைக்காரனும் கணக்கெழுதி வைக்கவில்லை.

கிப்ளிங்குக்குப் பந்திப்பூர் ஆராய்ச்சி தெரிந்திருக்க நியாயமில்லை என்று யாராவது வாதாடலாம். நியாயம்தான். ஆனால் ஆராய்ச்சி இல்லாத காலத்திலேயே இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ஒரு செந்நாய் வருகிறது. கள்ளி முளைத்த பாலைக் காட்டு வழியில், மசக்கையாக இருக்கும் தன் பெண்ணுக்காகக் காட்டுப்பன்றி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. மாங்காய்க்கு ஆசைப்பட்ட மனைவிக்காகக் கடைத்தெருவுக்குப் புறப்படுகிற கணவனைப்போல. அந்த வழியாகப் போகிற மனிதனோ பொருள் தேடுவதற்காக மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன். அவன் கண்ணில்தான் இது படுகிறது. யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று கவி விளக்கவில்லை. விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

குறுந்தொகையில் சிறைக்குடி ஆந்தையார் பாட்டு ஒன்றிலும் செந்நாய் உண்டு. அது குடித்துவிட்டு மிச்சம் வைத்துப்போன, இலை அழுகிக் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரைப் பார்த்துத் தலைவன், 'இதைக் குடிக்க அவள் என்னோடு வந்திருந்தால் பாவம், என்ன பாடு படுவாள்' என்று நினைக்கிறான். இங்கே செந்நாய் வில்லனும் அல்ல, தோழனும் அல்ல. அதே வழியில், அதே வெயிலில், அதே தண்ணீரை முன்னால் குடித்துவிட்டுப் போன இன்னொரு பிராணி. இந்தப் பார்வையில் உபதேசம் இல்லை, வெறுப்பும் இல்லை, நன்றி என்ற அளவுகோலும் இல்லை. மிருகத்தைப் பற்றி எழுதுவதில் இதைவிடப் பெரிய சாமர்த்தியம் எனக்குத் தெரியவில்லை.

இனி ஜாக் லண்டன். இவர் விஷயம் கிப்ளிங்கைவிடச் சிக்கலானது, ஏனென்றால் இவர் வெறும் பழி சுமத்துகிறவர் அல்ல. 1897-இல் தங்கம் தேடிக் கனடாவின் வடக்கே கிளாண்டைக் பிரதேசத்துக்குப் போன ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர். அப்போது வயசு 21. தங்கம் கிடைக்கவில்லை; நாய்கள் கிடைத்தன. 1903-இல் 'கானகத்தின் அழைப்பு' வந்தது. கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்ந்த பக் என்ற பெரிய நாயைத் தோட்டக்காரனின் உதவியாள் திருடி விற்றுவிடுகிறான். அது பனிவண்டி இழுக்க வடக்கே போகிறது, தடியடி படுகிறது, வண்டி நாய்களின் தலைவனான ஸ்பிட்ஸைக் கொன்று தலைமையைப் பிடிக்கிறது, ஜான் தார்ன்டன் என்ற ஒரே ஒரு மனிதனிடம் அன்பு கொள்கிறது, அவனும் செத்த பிறகு ஓநாய்களோடு சேர்ந்து அவற்றுக்குத் தலைவனாகிறது. மூன்று வருஷம் கழித்து வந்த 'ஒயிட் பேங்' இதைத் தலைகீழாகத் திருப்பியது. முக்கால் பங்கு ஓநாயான ஒரு குட்டி காட்டில் பிறந்து, மனிதர்களிடம் அகப்பட்டு, அடிபட்டு, கடைசியில் ஒரு நல்ல எஜமானின் வீட்டில் வெயில் காய்கிறது.

இந்த இரண்டு புத்தகங்களையும் பற்றி அந்தக் காலத்தில் ஒரு பெரிய சச்சரவு நடந்தது. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே 1907-இல் ஒரு பத்திரிகையில், மிருகக் கதை எழுதுகிறவர்கள் இயற்கையைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள் என்று கண்டித்தார். லண்டன் எழுதிய ஓநாய் - புல்டாக் சண்டை அப்படி நடந்திருக்க முடியாது என்பது அவர் கட்சி. லண்டன் அடுத்த வருஷம் பதில் எழுதினார். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். இரண்டு பேரும் முக்கியமான கேள்வியை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டையில் யார் ஜெயித்திருப்பார்கள் என்பது பந்தயக்காரனின் கேள்வி. காடு என்பது சண்டைதானா என்பதே விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி.

லண்டனின் பதில், ஆம் என்பது. தடியும் கோரைப்பல்லுமே உலகத்தின் சட்டம், பலசாலி பிழைப்பான், நாகரிகம் மேல்பூச்சு, அதைச் சுரண்டிவிட்டால் அடியில் இருப்பது காடு. பக் வடக்கே இறங்கிய முதல் நாளே இதைக் கற்றுக்கொள்கிறது. கர்லி என்ற சாதுவான பெண் நாய், வேறொரு நாயிடம் சிநேகமாகப் போகிறது. அது கர்லியின் முகத்தைக் கிழிக்கிறது. சுற்றி முப்பது நாற்பது நாய்கள் வட்டம் போட்டு நின்று, கர்லி கீழே விழுந்ததும் பாய்ந்து பிய்த்துவிடுகின்றன. படித்தவர்கள் மறக்க முடியாத இடம் அது.

ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த முப்பது நாய்கள் யார்? வெவ்வேறு ஊரில் பிறந்து, விலைக்கு வாங்கப்பட்டு, அரைவயிற்றுக்குத் தீனி போடப்பட்டு, சவுக்கடிக்குக் கீழே ஓர் இடத்தில் குவிக்கப்பட்ட அந்நியர்கள். அவற்றுக்குள் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அங்கே இருப்பது காடு அல்ல, கூலி முகாம். தடியைக் கொண்டுவந்தவன் மனிதன். பசியை உண்டாக்கியவன் மனிதன். அந்நியர்களை ஒரே சங்கிலியில் கட்டினவனும் மனிதன். லண்டன் கண்ணால் பார்த்ததைப் பொய் கலக்காமல் எழுதினார். எழுதிவிட்டு, முகாமின் சட்டத்துக்குக் காட்டின் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டார். அவருடைய தவறு கண்ணில் இல்லை. பெயர் வைத்ததில் இருக்கிறது.

விஞ்ஞானிகளும் இதே இடத்தில் வழுக்கி விழுந்தார்கள் என்பது சுவாரசியமான விஷயம். 1947-இல் ருடால்ப் ஷென்கெல் என்பவர் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காக ஓயாமல் சண்டையிடுகின்றன என்று எழுதினார். அமெரிக்கரான டேவிட் மீச் 1970-இல் எழுதிய புத்தகத்தால் இந்தக் கருத்து உலகமெல்லாம் பரவியது. பிறகு அதே மீச் காட்டு ஓநாய்களின் நடுவே பல கோடைகள் கழித்துவிட்டு, 1999-இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைவன் என்பவன் யாரையும் கொன்று தலைவனானவன் அல்ல; பெற்றவன், அவ்வளவுதான். கூண்டுக்குள் அந்நியர்களை அடைத்தால் எந்தக் குடும்பப் பிராணியும் ரௌடியாகத்தான் மாறும். மனிதனும் இதற்கு விலக்கல்ல.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, லண்டனுக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதுதான். 'ஒயிட் பேங்' நாவலின் ஆரம்பப் பகுதியில், ஒற்றைக்கண் கிழ ஓநாய் ஒன்று, குகையில் குட்டிகளோடு கிடக்கும் தன் பெண்ணுக்காகப் பனியில் அலைந்து இரை தேடிக் கொண்டுவருகிறது. அவளோ குட்டிகளின் பக்கத்தில் அதை அண்டவிடாமல் உறுமுகிறாள். பஞ்சம் வருகிறது, குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, ஒருநாள் தகப்பன் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை. பிரமாதமான அத்தியாயங்கள். அவர் எழுதிய அத்தனை சண்டைகளையும் ஒரு தட்டிலும் இந்தச் சில பக்கங்களை இன்னொரு தட்டிலும் வைத்தால், பக்கங்கள்தான் கனமாக இருக்கும். மனிதன் வருகிறவரையில் அந்த நாவலில் நடப்பது குடும்ப வாழ்க்கை. மனிதன் வந்த பிறகுதான் தடியும் கோரைப்பல்லும் வருகின்றன. கதை தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டது. கதாசிரியர் அதைக் கவனிக்காமல் தம் தத்துவத்தைத் தொடர்ந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பக் ஓநாயாக மாறுவதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மூர்க்கம் வந்தால் காடு வந்துவிடும் என்பது லண்டனின் நம்பிக்கை. நமீபியாவில் எட்டோஷா சரணாலயத்தில் கூண்டில் வளர்ந்த ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு ரத்தத்தில் காடு இருந்தது, பல்லும் இருந்தது. ஆனால் பசியும் சிங்கமும் நோயும் சேர்ந்து அவற்றைத் தீர்த்துவிட்டன. காட்டில் பிழைப்பது ரத்தத்தில் மட்டும் வருவதல்ல. பெரியவர்களோடு ஒரு வருஷம் இரண்டு வருஷம் கூடத் திரிந்து கற்றுக்கொள்வது. டிங்கோ வீட்டு நாயின் கிளையிலிருந்து மீண்டும் காட்டுக்குப் போய் நிலைத்தது உண்மை. அதற்குப் பின்னால் மூவாயிரம் வருஷங்களுக்கு மேல் இருக்கின்றன. ஒரே ஒரு பனிக்காலம் அல்ல.

அப்படியானால் நம் வீட்டு நாய் எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொண்டது? 1914-இல் ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காஸலில் ஒரு பழைய சமாதியைத் தோண்டினார்கள். ஏறத்தாழ 14,000 வருஷங்களுக்கு முந்தியது. அதில் ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களைப் பரிசோதித்தவர்கள், குட்டிப் பருவத்தில் அது கடும் நோயில், அநேகமாக டிஸ்டெம்பர் என்ற நாய்க் காய்ச்சலில், வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்றும், யாரோ அருகிலிருந்து பராமரித்திராவிட்டால் அவ்வளவு நாள் பிழைத்திராது என்றும் 2018-இல் எழுதினார்கள். வேட்டைக்குப் பிரயோசனப்படாத ஒரு நோயாளிக் குட்டிக்குத் தண்ணீர் காட்டிய அந்த மனிதர்களை நினைக்கும்போது, நன்றி என்பது நாய் மட்டும் செலுத்திய வரி அல்ல என்று தெரிகிறது.

நாய் மனிதனை வாங்கிக்கொண்டது, கூட்டத்தைக் கொடுத்துவிட்டது. தெருநாய் வாழ்க்கையைக் கவனிக்கிறவர்களுக்கு இது புரியும். குட்டி போட்ட தெருநாய் பெரும்பாலும் தனியாகவே படாத பாடு படுகிறது. மசக்கைக்குப் பன்றி தேடிப் போகிற கணவன் அதற்கு இல்லை. குகைக்குக் காவல் நிற்கிற சித்தப்பனும் இல்லை. இருப்பதெல்லாம் ஓட்டல் பின்புறத்து எச்சில் இலையும், இரக்கமுள்ள ஒரு வீட்டுக்காரியும்தான். குடும்பம் செய்துவந்த வேலையை மனிதன் ஏற்றுக்கொண்டதால்தான் அந்தக் குடும்பம் கலைந்தது. பிறகு மனிதன் அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டான். தெருநாயின் பரிதாபத்துக்குக் காரணம் அதில் காட்டுத்தனம் மிஞ்சியிருப்பது அல்ல. காட்டின் குடும்பம் மிஞ்சாமல் போனது.

இன்றைய நிலையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2015-இல் வெளியான சர்வதேசக் கணிப்பின்படி, உலகம் முழுவதிலும் இனம் பெருக்கும் வயசுள்ள செந்நாய்கள் 949-க்கும் 2,215-க்கும் இடையில்தான். ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளிக்கூடத்தின் மாணவர் எண்ணிக்கை. துப்பாக்கி நின்றுவிட்டது, ஆனால் காடு துண்டு துண்டாகிறது, மான் குறைகிறது. இன்னொரு ஆபத்து, நாம் வளர்த்த நாயின் வழியாகவே வருகிறது. காட்டோரத்துக் கிராமங்களில் தடுப்பூசி போடாத நாய்களிடமிருந்து வெறிநோயும் அந்தப் பழைய டிஸ்டெம்பரும் காட்டு உறவுக்காரர்களுக்குத் தொற்றுகின்றன. எத்தியோப்பியாவில் பாலே மலைத்தொடரில் 2003-இல் இப்படி வந்த வெறிநோய், ஒரு பள்ளத்தாக்கிலிருந்த அபூர்வமான எத்தியோப்பிய ஓநாய்களில் நான்கில் மூன்று பங்கைக் கொன்றது. அந்த இனத்தில் மொத்தமே சில நூறுதான் மிச்சம். சேர்ந்து வாழ்கிற பிராணிகளுக்கு இந்த நோய் இரட்டை எமன். ஒன்றுக்கொன்று ஊட்டுவதும், நக்குவதும், நெருங்கிப் படுப்பதும் அவற்றைப் பிழைக்க வைக்கிற பழக்கங்கள். நோய் பரவுவதும் அந்தப் பழக்கங்களின் வழியாகவே. கிப்ளிங்கின் தேனீக்களைவிட இது கொடியது. இதற்கு மருந்து, காட்டோரத்து நாய்களுக்கு வருஷா வருஷம் ஊசி போடுவது. சாகசம் ஒன்றும் இல்லாத வேலை. ஆகவே கதையில் வராது.

கிப்ளிங்கையும் லண்டனையும் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் படிக்கட்டும், இருவரிடமும் கதை சொல்லும் வித்தையைக் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. ஆனால் படித்து முடித்ததும் ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியை எடுத்து, அந்தச் செந்நாய் வருகிற நாலைந்து வரியையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். உரையோடு சேர்த்துப் படித்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மூன்று ஆசிரியர்களில் காட்டைப் பார்த்தவர் யார், காட்டை வைத்துத் தம்மைப் பற்றி எழுதிக்கொண்டவர் யார் என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள். நம் நாவலாசிரியர்களில் யாராவது முதுமலைப் பக்கம் போய்ச் செந்நாயைப் பற்றி எழுத உத்தேசித்தால், அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: வேட்டையைப் பார்த்ததோடு திரும்பி வந்துவிடாதீர்கள், வேட்டை முடிந்து அது வீட்டுக்குப் போகிறவரையில் காத்திருங்கள்.